ரக்பி லீக்: மடக்கிப் பிடித்த பிறகும் பந்து கைமாறுவது எப்படி? ஃபார்வர்டுகள் மேட்சை ஜெயித்துக் கொடுக்கும் கதை

2017 நவம்பர் 25, ஆக்லாந்து. ரக்பி லீக் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து 20, டோங்கா 0. ஆட்டம் முடிய சுமார் 7 நிமிடங்கள்தான் பாக்கி. சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் பசிபிக் தீவு நாட்டின் கதை அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த 7 நிமிடங்களில் டோங்கா அடுத்தடுத்து 3 ட்ரை அடித்தது. ஸ்கோர் 20-18.

கடைசி விநாடிகள். டோங்காவின் முரட்டு ஃபார்வர்டு ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா பந்தோடு கோட்டை நோக்கிப் பாய்கிறார். பின்னாலிருந்து வந்த இங்கிலாந்தின் எலியட் வைட்ஹெட், அவரும் ஒரு ஃபார்வர்டுதான், அவரைப் பிடிக்கிறார். பந்து ஃபிஃபிட்டாவின் கையை விட்டு நழுவுகிறது. கோட்டைத் தாண்டி அதை அமுக்கினாலும் ட்ரை இல்லை. பந்து தவறிவிட்டது என்று நடுவர் முடிவு செய்தார். இங்கிலாந்து இறுதிப் போட்டிக்குப் போனது. வீடியோ நடுவரிடம் ஏன் கேட்கவில்லை என்று டோங்கா ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

அந்த ஒரு காட்சியில் ரக்பி லீக்கின் பாதி விஷயம் இருக்கிறது. பந்தோடு மோதுகிறவனும் ஃபார்வர்டு, அவனை நிறுத்துகிறவனும் ஃபார்வர்டு. பந்து யார் கையில் மிஞ்சுகிறது என்பதில்தான் மேட்சே இருக்கிறது.

முதலில், இது எந்த ரக்பி?

நம்ம ஊரில் ரக்பி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் ஆடுவது அது. ரக்பி லீக் வேறு. 1895-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளி வீரர்களுக்குச் சம்பள இழப்பை ஈடுகட்டுவது தொடர்பான சண்டையில் வடக்குப் பகுதி கிளப்கள் பிரிந்து போய் உருவாக்கிய ஆட்டம் இது. இன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன், வட இங்கிலாந்து, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி, பசிபிக் தீவுகள், இவைதான் இதன் கோட்டைகள்.

அணிக்கு 13 பேர். 80 நிமிட ஆட்டம். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அமுக்கினால் ட்ரை, 4 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொரு 2. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் செய்ய வேண்டும்.

முக்கியமான விதி இது: ஒரு அணிக்கு 6 டேக்கிள்கள் வரைதான் பந்து. ஆறாவது முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடுவார்கள். இந்த ஆறு டேக்கிள் கொண்ட தொகுப்புக்கு 'செட்' என்று பெயர்.

13 பேரில் 6 பேர் ஃபார்வர்டுகள். இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இரண்டு செகண்ட் ரோ, ஒரு லாக். முதுகில் 8 முதல் 13 வரை எண் இருக்கும். மற்ற 7 பேர் பேக்ஸ், வேகமாக ஓடிப் பெரும்பாலான ட்ரைகளை அடிப்பவர்கள். டிவியில் ஹைலைட்ஸ் பார்த்தால் பேக்ஸ்தான் தெரிவார்கள். முழு மேட்ச் பார்த்தால்தான் ஃபார்வர்டுகள் தெரிவார்கள்.

ஆஃப்லோடு என்றால் என்ன?

சாதாரணமாக என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒரு ப்ராப் பந்தை வாங்கி நேராக எதிரணி வரிசைக்குள் ஓடுகிறார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவரை மடக்கிக் கீழே தள்ளுகிறார்கள். பந்து உள்ள கை தரையைத் தொட்டதும் டேக்கிள் முடிந்தது. அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டுவார். பின்னால் நிற்கும் ஹூக்கர் எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். இதற்கு 'ப்ளே-தி-பால்' என்று பெயர். இந்தச் சில விநாடிகளில் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி, மறுபடி ஒரே நேர்கோட்டில் வரிசை கட்டி நின்றுவிடும்.

ஆஃப்லோடு இந்த நிறுத்தத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது. மூன்று பேர் கட்டிப்பிடித்திருக்கும்போதே, கீழே விழுவதற்கு முன்பே, ஒரு கையை வெளியே எடுத்துப் பந்தைப் பக்கத்தில் ஓடி வரும் சக வீரருக்குத் தட்டிவிடுவது. டேக்கிள் முடியவில்லை, அதனால் எண்ணிக்கையும் ஏறாது. எதிரணிக்கு வரிசை கட்ட நேரமும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 தடுப்பாளர்களில் ஃபுல்பேக்கும் ஒன்றிரண்டு விங்கர்களும் உதைக்கு எதிர்பார்த்துப் பின்னால் நிற்பார்கள். முன்வரிசையில் மிச்சம் சுமார் 10 பேர். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். அந்த 10 பேரில் 3 பேர் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறார்கள் என்றால், பாக்கி 7 பேர் முழு அகலத்தையும் காக்க வேண்டும். அதுவும் டேக்கிள் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் பின்வாங்கத் தொடங்கியிருப்பார்கள். பின்னங்காலில் நிற்பவனால் யாரையும் சரியாகத் தடுக்க முடியாது. ஓட்டை விழுவது அந்த இடத்தில்தான்.

இதற்கு வெறும் பலம் போதாது

பார்ப்பதற்கு ஏதோ மல்யுத்தக்காரன் பந்தைத் தூக்கிப் போட்டதுபோல இருக்கும். உள்ளே நிறைய வேலை இருக்கிறது.

முதலில், தடுப்பாளரின் மார்புக்கு நேராக ஓடிப்போய் மோதக் கூடாது. கடைசி இரண்டு அடியில் காலை மாற்றி, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தோளைக் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். அப்போது இருவருக்குமே முழுப் பிடி கிடைக்காது. பந்தை எந்தப் பக்கத் தடுப்பாளர் வலுவாக வருகிறாரோ அதற்கு எதிர்க் கைக்கு மாற்றிவிட வேண்டும். மோதியபின் கால் நிற்கக் கூடாது. தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் வரைதான் கை வேலை செய்யும். கடைசியாக, பக்கத்தில் ஒருவன் ஓடி வந்துகொண்டிருக்க வேண்டும். பல நல்ல ஆஃப்லோடுகள் வீணாவது கொடுத்தவனால் இல்லை, வாங்க வேண்டியவன் இரண்டு மீட்டர் பின்தங்கியிருந்ததால்.

இந்தக் கலையின் பழைய பெரிய பெயர் ஆர்தர் பீட்சன். ஆஸ்திரேலியப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணிக்குக் கேப்டனான முதல் பூர்வகுடி வீரர். பெரிய உடம்பு, ஆனால் கைகள் ஒரு பேக் வீரரின் கைகள் மாதிரி. தடுப்பாளர்கள் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தட்டிவிடுவார். ஜாக் கிப்சன் பயிற்சியில் 1974, 1975 இரண்டு ஆண்டுகளும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி சிட்னி கோப்பையை வென்றபோது அதன் கேப்டன் இவர்தான். சுவாரசியம் என்னவென்றால், கிப்சன் டேக்கிள்களை எண்ணிப் பார்த்து ஆட்களை எடைபோட்ட பயிற்சியாளர், தடுப்புப் பைத்தியம். ஆஃப்லோடு மன்னனும் தடுப்பு வெறியரும் ஒரே அணியில். 1975 இறுதியில் செயின்ட் ஜார்ஜை 38-0 என்று நசுக்கினார்கள்.

1980 ஜூலை 8-ம் தேதி நடந்த முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மேட்சில் 35 வயதில் குயின்ஸ்லாந்துக்குக் கேப்டனாக இறங்கியதும் பீட்சன்தான். குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. இன்று ஆஸ்திரேலியாவே ஸ்தம்பிக்கும் அந்தத் தொடர் அப்படித்தான் தொடங்கியது.

இந்தத் தலைமுறைக்குத் தெரிந்த பெயர் சோனி பில் வில்லியம்ஸ். 2004-ல், 19 வயதில், கேன்டர்பரி புல்டாக்ஸ் அணிக்காக என்.ஆர்.எல் கோப்பை வென்றவர். ஒரே கையில், தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் கையைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பந்தை விடுவார். பிறகு யூனியனுக்கு மாறி ஆல் பிளாக்ஸுடன் 2011, 2015 உலகக் கோப்பைகளை வென்றபோதும் இதே வித்தையைத்தான் அங்கும் காட்டினார்.

ஆனால் அந்த 2004 இறுதிப் போட்டியை புல்டாக்ஸுக்குக் காப்பாற்றியது ஆஃப்லோடு இல்லை. ஸ்கோர் 16-13, கடைசி நிமிடம். சிட்னி ரூஸ்டர்ஸின் மைக்கேல் க்ராக்கர் கோட்டை நோக்கிப் பாய்கிறார். புல்டாக்ஸின் செகண்ட் ரோ ஃபார்வர்டு ஆண்ட்ரூ ரையன் எட்டிப் பாய்ந்து அவர் காலைப் பிடித்துச் சாய்த்தார். கோப்பை கையில்.

பயிற்சியாளர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

ஆஃப்லோடு இவ்வளவு நல்லது என்றால் எல்லா டேக்கிளிலும் செய்யலாமே? முடியாது.

பந்து முன்னோக்கித் தவறி விழுந்தால் அது நாக்-ஆன். பந்து எதிரணிக்குப் போய்விடும். உங்கள் கோட்டிலிருந்து 20 மீட்டரில், இரண்டாவது டேக்கிளில், ஒரு ப்ராப் ஆசைப்பட்டு ஆஃப்லோடு செய்து பந்தை விட்டுவிட்டார் என்று வையுங்கள். இழந்தது ஒரு பாஸ் மட்டும் இல்லை. உங்களுக்குப் பாக்கியிருந்த 4 டேக்கிள்களும் போச்சு, தூரமாக உதைத்துத் தப்பிக்கும் வாய்ப்பும் போச்சு. எதிரணிக்கு உங்கள் வாசலிலேயே புதிதாக 6 டேக்கிள்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கும் உங்கள் ஃபார்வர்டுகள் மறுபடி தடுக்க நிற்க வேண்டும்.

அதனால்தான் கோச்சுகள் 'கம்ப்ளீஷன்' என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்த செட்களில் எத்தனையைப் பந்தை இழக்காமல் முடித்தோம் என்ற கணக்கு அது. பொதுவான எழுதப்படாத விதி: சொந்தப் பாதியில் பந்தை மார்போடு அணைத்து விழு, நடுக்கோட்டைத் தாண்டியபின் இரண்டு கையும் வெளியே இருந்தால் கொடு, எதிரணிக் கோட்டருகே, நான்காவது ஐந்தாவது டேக்கிளில், ரிஸ்க் எடு. பின்தங்கியிருக்கும் அணி, நேரம் குறைவு என்றால் எல்லா விதியும் காற்றில். அந்த 2017 அரையிறுதியில் கடைசி நேர டோங்கா அப்படித்தான் ஆடியது. இழக்க ஒன்றும் இல்லாதவனிடம் பந்து இருந்தால் தடுப்பது கஷ்டம்.

இந்தக் கம்ப்ளீஷன் மோகம் சில சமயம் ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து முறை முட்டி மோதி, ஆறாவதில் உதைக்கும் அணிகளைப் பார்த்தால் கொட்டாவி வரும். ஆனால் அவர்களில் பலர் கோப்பையோடு வீட்டுக்குப் போகிறார்கள், அதுதான் பிரச்னை.

தடுப்பு: சண்டை தரையில் நடக்கும் அந்த 3 விநாடிகளுக்காக

ரக்பி லீக் தடுப்பு என்றால் ஆளை விழவைப்பது என்று நினைப்போம். விழவைப்பது பாதி வேலைதான். எப்படி விழவைக்கிறோம், எவ்வளவு நேரம் எழவிடாமல் வைக்கிறோம் என்பதுதான் மீதி.

ஓடி வந்தவர் குப்புற, முழங்காலிலும் முழங்கையிலும் விழுந்தால் உடனே எழுந்து பந்தை உருட்டிவிடுவார். தடுப்பு வரிசை 10 மீட்டர் பின்வாங்கி முடிப்பதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடும். அதே ஆளை மல்லாக்கப் போட்டுவிட்டால் அவர் புரண்டு எழவே கூடுதலாக ஒன்றிரண்டு விநாடி ஆகும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் வரிசை சரியாக நின்றுவிடும். அதனால் மேட்சைப் பார்க்கும்போது டேக்கிள் ஆனவரின் முதுகு வானத்தைப் பார்க்கிறதா, தரையில் இருக்கிறதா என்று கவனியுங்கள். எந்தப் பக்க ஃபார்வர்டுகள் ஜெயிக்கிறார்கள் என்று ஸ்கோர் போர்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இதற்காகவே மல்யுத்தம், ஜியு-ஜிட்சு பயிற்சியைக் கொண்டுவந்த அணி என்று பெயரெடுத்தது க்ரெய்க் பெல்லமியின் மெல்போர்ன் ஸ்டார்ம். அதன் ஹூக்கர் கேமரான் ஸ்மித் 430 என்.ஆர்.எல் மேட்சுகள் ஆடியவர். பார்க்க அப்படியொன்றும் பெரிய உடம்பு கிடையாது. ஆனால் தரையில் கிடக்கும் ஆளின் மேல் எவ்வளவு நேரம் படுத்திருந்தால் நடுவர் விசில் ஊதமாட்டார் என்பதை அளந்து வைத்திருந்தவர். எதிரணி ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இழுத்தடிப்பைக் குறைக்கத்தான் 2020-ல் என்.ஆர்.எல் 'சிக்ஸ் அகெய்ன்' விதியைக் கொண்டுவந்தது. எழவிடாமல் அமுக்கினால் ஆட்டத்தை நிறுத்தாமலே டேக்கிள் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தடுக்கும் அணிக்கு மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை.

சரி, ஆஃப்லோடை எப்படித் தடுப்பது? கபடி பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலைப் பிடித்தால் ஆள் நிற்பான், ஆனால் கை சும்மா இருக்கும். ரக்பி லீக்கில் அந்தச் சும்மா இருக்கும் கைதான் ஆபத்து. அதனால் முதல் ஆள் மேலே, மார்பு உயரத்தில், பந்தையும் கையையும் சேர்த்துக் கட்டுவார். இரண்டாவது ஆள் இடுப்பில் அல்லது காலில் விழுந்து நடையை நிறுத்துவார். மூன்றாவது ஆள் வந்து புரட்டுவார். ஆஃப்லோடு நிபுணர்களுக்கு எதிராக மூன்று பேர் போவது வழக்கம். அது அவர்களுக்கு ஒரு மரியாதை, ஆனால் அதனாலேயே வேறெங்கோ ஓர் ஆள் குறைகிறது.

பந்தைப் பிடுங்கவும் செய்யலாம். ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்றிருக்கும்போது மட்டும். இருவர் மூவர் பிடித்திருக்கும்போது பிடுங்கினால் பெனால்டி.

ஒரே ஒரு ட்ரை, ஓர் உலகக் கோப்பை

டோங்காவைத் தாண்டிய இங்கிலாந்து, 2017 டிசம்பர் 2 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுடன் இறுதிப் போட்டி ஆடியது. முடிவு 6-0. மொத்த மேட்சிலும் ஒரே ஒரு ட்ரை. அடித்தவர் ஆஸ்திரேலியாவின் செகண்ட் ரோ ஃபார்வர்டு பாய்ட் கார்ட்னர். கூடுதல் 2 புள்ளிகளை உதைத்தது கேமரான் ஸ்மித். அதற்குப் பிறகு முழுக்க முழுக்கத் தடுப்புதான். இங்கிலாந்தின் கல்லம் வாட்கின்ஸ் ஒருமுறை உடைத்துக்கொண்டு ஓடியபோது, ஜோஷ் டுகன் பின்னாலிருந்து பாய்ந்து கணுக்காலைத் தட்டிச் சாய்த்தார்.

கிளப் மட்டத்தில் சமீபத்திய உதாரணம் பென்ரித் பேன்தர்ஸ். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு என்.ஆர்.எல் கோப்பைகள். அந்த நான்கு இறுதிப் போட்டிகளில் மூன்றில் எதிரணியால் 12 புள்ளிகளைத் தாண்ட முடியவில்லை: 14-12, 28-12, 14-6. 2024 இறுதியில் ஆட்ட நாயகன் விருது போனது பந்தைச் சுழற்றும் ஹாஃப்பேக்குக்கு இல்லை, ஓயாமல் மோதியும் தடுத்தும் நின்ற செகண்ட் ரோ லியம் மார்ட்டினுக்கு.

இரண்டும் ஒரே மூச்சில்தான்

ஆஃப்லோடும் தடுப்பும் தனித்தனித் திறமைகள்போலத் தெரியும். இரண்டையும் இணைப்பது களைப்பு.

ஓர் அணி ஒரு மேட்சில் 300-க்கும் அதிகமான டேக்கிள்கள் செய்வது சாதாரணம். நடுவில் நிற்கும் ஹூக்கரும் லாக்கும் மட்டும் ஆளுக்கு 40 டேக்கிள் வரை போவார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எழுந்து 10 மீட்டர் பின்னே ஓடி, திரும்ப முன்னே வந்து இன்னொரு 110 கிலோ ஆளோடு மோத வேண்டும். ப்ராப்கள் 80 நிமிடமும் தாங்கமாட்டார்கள். 20, 25 நிமிடம் ஆடிவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவார்கள். அதற்கும் அளவு உண்டு. 2016 முதல் என்.ஆர்.எல்-லில் ஒரு மேட்சுக்கு 8 மாற்றங்கள்தான், முன்பு 10 இருந்தது. குறைத்ததன் நோக்கமே பெரிய உடம்புகளைக் களைப்படைய வைப்பது.

ஆஃப்லோடு ஒன்று வெற்றியானால் எதிரணி ஃபார்வர்டுகள் திரும்பி ஓட வேண்டும். நேராக முன்னே வந்து மோதுவதைவிடத் திரும்பித் துரத்துவது அதிக சக்தியை உறிஞ்சும் வேலை. முதல் பாதியில் பத்து ஆஃப்லோடு செய்து ஒரு ட்ரைகூட வராமல் போகலாம். பலன் 60-வது நிமிடத்துக்கு மேல், டேக்கிளுக்குப் போகும் கை ஒரு நொடி தாமதமாகும்போது தெரியும்.

டோங்கா இதைக் கற்றுக்கொண்ட விதம் அழகு. 2017 உலகக் கோப்பைக்குச் சற்று முன் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டும், ஃபிஃபிட்டா ஆஸ்திரேலியாவை விட்டும் தங்கள் குடும்ப வேர்கள் உள்ள டோங்காவுக்கு ஆட வந்தார்கள். ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக 2-16 என்று பின்தங்கியிருந்து 28-22 என்று ஜெயித்தது டோங்கா. அப்போது அது வெறும் தாக்குதல் வெறி. 2019 நவம்பர் 2 அன்று ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியாவை 16-12 என்று வீழ்த்தியபோது கடைசி நிமிடங்களில் டோங்கா செய்தது ஆஃப்லோடு இல்லை, பிடித்து நிறுத்தியதுதான்.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலை

6-0 இறுதியில் அந்த ஒரே ட்ரையை அடித்த பாய்ட் கார்ட்னர், 2021 ஜூனில் 29 வயதிலேயே ஓய்வு பெற்றார். காரணம், திரும்பத் திரும்பத் தலையில் விழுந்த அடி. ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், சிட்னி ரூஸ்டர்ஸ் என மூன்று அணிகளுக்கும் கேப்டனாக இருந்தவர் அவர்.

தோளால் மட்டும் இடிக்கும் 'ஷோல்டர் சார்ஜ்' என்.ஆர்.எல்-லில் 2013 முதல் தடை. 2021-ல் தலையில் படும் டேக்கிள்களுக்கு நடுவர்கள் வீரர்களைக் கொத்தாக வெளியேற்றத் தொடங்கினார்கள். தலையில் அடிபட்டவர்களுக்குப் பதிலாக இறங்க 18-வது வீரரை வைத்துக்கொள்ளும் விதியும் அதே ஆண்டு வந்தது.

டேக்கிள் உயரத்தை இன்னும் கீழே இறக்க வேண்டும் என்ற வாதம் தொடர்ந்து நடக்கிறது. இறக்கினால் ஒரு பக்க விளைவு உண்டு. மார்பைக் கட்டிப் பந்தை அமுக்கும் டேக்கிள் குறையும், இடுப்பையும் காலையும் பிடிக்கும் டேக்கிள் கூடும். ஓடி வருபவரின் கைகள் இரண்டும் வெளியே இருக்கும். தலையைக் காப்பாற்றப் போடும் விதி, ஆஃப்லோடு போடத் தெரிந்த ப்ராப்பின் சம்பளத்தையும் ஏற்றிவிடலாம்.